உதை இரண்டாக வந்த நாள்

அன்புள்ள தம்பி,

அருள்மேல் பொய் எழுதப்பட்டது. சிங்கப்பூரின் துவாஸ் தொழிற்பேட்டையில் நானும் அவனும் வேலை பார்த்த சோதனைக்கூடத்தில் அவனுடைய வலக்கண் பார்வை போன விபத்துக்கு “சுட்டவரின் தளர்ந்த பிடிப்பே காரணம்” என்று ஒரு தாளில் அச்சடித்து அறிவிப்புப் பலகையில் குத்தினார்கள். அதைப் பொய் என்று காட்டக்கூடிய நோட்டுப் புத்தகம் பதினோரு வருடங்களாக என்னிடம் இருந்தது. நான் அதை மறைத்து வைத்தேன். இதை அருளின் காதோடு சொல்லி முடித்துவிடலாம் என்று உன் அம்மா சொன்னாள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. பலகையில் குத்திய பொய்யைக் காதோடு காதாகத் திருத்த முடியாது. அதனால் இந்தக் கடிதம் உனக்கு எழுதப்பட்டாலும், அங்கே எங்களோடு வேலை பார்த்த எல்லார் கைக்கும் போகும். உனக்கு இன்னும் ஐந்து வாரத்தில் கல்யாணம். மணவறையில் நீ உட்காரும்போது உன் தகப்பன் யார் என்று தெரிந்து உட்கார வேண்டும்.

முதலில் நன்றி சொல்கிறேன். திட்டுவதற்கு எனக்கு ஆள் நிறைய உண்டு, நன்றி சொல்லிப் பழக்கமில்லை. அது உனக்கே தெரியும். போன மாதம் ஈசூன் வீட்டில், கல்யாணச் சாமான்கள் வைக்க இடம் வேண்டுமென்று நீ பாம் ஷெல்டர் என்கிற பதுங்கு அறையைக் காலி செய்தாய். அந்த இரும்புக் கதவுக்குப் பின்னால் நம் குடும்பத்தின் உடைந்த மின்விசிறிகளும் பழைய சூட்கேஸ்களும் போக, என் காதுக் கவசம் வைத்த தகரப் பெட்டியும் இருந்தது. அதன் அடியில் அந்த நோட்டு. நான் கூடத்தில் உட்கார்ந்து செய்தி பார்த்துக்கொண்டிருந்தேன். சாமான் இழுக்கும் சத்தம் நின்றது. வெகுநேரம் நீ வெளியே வரவில்லை. எழுந்து வந்து பார்த்தால், நீ ஷெல்டர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாய். நிமிர்ந்து பார்த்து, “அப்பா, இது அருள் அங்கிள் அடிபட்ட அன்னிக்கு எழுதினது தானே?” என்றாய். நான் ஆமாம் என்றேன். “அந்த செட் எழுதலன்னு தானே எல்லார்கிட்டயும் சொன்னீங்க?” அதற்கும் ஆமாம் என்றேன். நீ கத்தவில்லை. கொஞ்சம் நகர்ந்து, பக்கத்தில் இடம் விட்டு, “உக்காருங்க பா. ஃபர்ஸ்ட்லேருந்து சொல்லுங்க,” என்றாய். நாற்பது வருடம் கூடவே இருந்த முழங்கால் வலியோடு அந்தத் தரையில் உட்கார்ந்தேன். அந்த இடம் விட்டதற்குத்தான் முதல் நன்றி.

அன்று உனக்குச் சொன்னதை இங்கே எல்லாருக்குமாகத் திரும்பச் சொல்கிறேன். நான் பள்ளியை ஆறாம் வகுப்போடு விட்டவன். கடைசல் பட்டறையில் இரும்புத் துருவல் கூட்டிக்கொண்டே வரைபடம் படிக்கக் கற்றேன். கணக்கையும் விசையையும் பழைய புத்தகக் கடைப் புத்தகங்களிலிருந்து நானாகக் கற்றேன். அதனால் யார் சொன்னாலும் சட்டென்று ஒத்துக்கொள்ளாத குணமும் வந்தது. அரசு உரிமத்தோடு நடந்த அந்தச் சோதனைக்கூடத்தில் எங்கள் வேலை, துப்பாக்கி முனையில் திருகிப் பொருத்தும் சத்த அடக்கிகளைச் சுட்டுப் பார்ப்பது. நாங்கள் சைலன்சர் என்றே சொல்வோம். சினிமாவில் காட்டுவதுபோல அது சத்தத்தை விழுங்கிவிடாது. காதைக் கிழிப்பதைக் காது தாங்குகிற அளவுக்குக் குறைக்கும், அவ்வளவுதான். அதன் இன்னொரு வேலை வெளியே யாருக்கும் தெரியாது. அது தோளைக் காப்பாற்றும்.

நீ லிஃப்ட் சோதிக்கிற இன்ஜினியர். உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்குப் பஸ்ஸை வைத்துச் சொல்கிறேன். நல்ல டிரைவர் ஸ்டாப்புக்கு முன்னாலேயே மெல்ல பிரேக் மிதிப்பார். கம்பியைப் பிடித்திருக்கிறவர் லேசாகச் சாய்வார், அவ்வளவுதான். அதே வேகத்தில் வந்து அதே ஸ்டாப்பில் சடாரென்று மிதிக்கிறவர் இருந்தால் நின்றிருக்கிறவர் முன் ஆள்மேல் போய் விழுவார். பஸ் நின்றது இரண்டிலும் ஒன்றுதான். நிற்க எடுத்த நேரம்தான் வேறு. துப்பாக்கியும் அப்படித்தான். குண்டு முன்னால் போவதால் துப்பாக்கி பின்னால் உதைக்கும். குண்டுக்குப் பின்னால் சீறிக்கொண்டு வரும் வாயுவும் சேர்ந்து உதைக்கும். சைலன்சருக்குள் நடுவில் துளையிட்ட தகடுகள் வரிசையாக இருக்கும். அவை அந்த வாயுவை அறை அறையாகப் பிடித்து வைத்து மெதுவாக விடும். முனையில் அதன் கனமும் இருப்பதால் துப்பாக்கி எகிறாது. உதை குறையும், குறைந்ததும் நீண்டு வரும். தோளுக்கு அது குத்தாகத் தெரியாது, ஒரு தள்ளலாகத் தெரியும்.

உள்ளே தகடு ஒன்று விரிசல் விட்டால் அந்தத் தள்ளல் மாறும். வெல்டிங் பற்றவைப்பு விட்டுத் தகடு சாய்ந்தால் வாயு ஒரு பக்கமாக அடிக்கும், துப்பாக்கி அந்தப் பக்கமோ எதிர்ப்பக்கமோ இழுக்கும். பொருத்திய இடம் தளர்ந்தால் துப்பாக்கி முதலில் உதைக்கும், ஆடுகிற சைலன்சரின் கனம் அதற்குப் பின்னால் வந்து இன்னொரு முறை உதைக்கும். எல்லாம் விட்டுக் கழன்று பறந்துவிட்டால் முன்பாரமும் போய், வாயுவைப் பிடித்து வைத்த அறைகளும் போய், முழு உதையும் ஒரே நொடியில் வந்து விழும். தள்ளலுக்குப் பழகிய தோள் குத்துக்குத் தயாராக இருக்காது. வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு அது தளர்ந்த பிடிப்புபோலத் தெரியும். சத்தத்தை அளக்கிற மீட்டருக்கு இதெல்லாம் பல நேரம் தெரியவே தெரியாது. சத்தம் கூடுவதற்கு முன்னாலேயே உதை மாறியதை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். இதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. என் தோள் சொன்னது, அருளின் தோள் சொன்னது.

அதனால்தான் எங்களுக்குள் ஒரு வழக்கம் வைத்தோம். ஒருவர் சுடுவார், ஒருவர் எழுதுவார். ஒவ்வொரு குண்டுக்கும் சுட்டவர் உதை எப்படி வந்தது என்று வாய்க்கு வந்த சொல்லைச் சொல்வார். எழுதுகிறவர் அதை அப்படியே எழுத வேண்டும். திருத்தக்கூடாது, கேள்வி கேட்கக்கூடாது. சொல் மாறினால் நிறுத்த வேண்டும். சைலன்சர் ஆறுவதற்கு நாற்பது நிமிடம் காத்திருந்து, கழற்றி, நேர்க்கம்பி விட்டுத் துளைகள் நேராக இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். இது கம்பெனி விதி இல்லை, எங்கள் விதி. நோட்டு தமிழில் இருக்கும், ஏனென்றால் என் ஆங்கிலம் அவ்வளவுதான். அருள் யாழ்ப்பாணத்து வம்சாவழி. பாட்டன் காலத்திலிருந்து இந்த ஊர்தான், ஆனால் பேச்சு மட்டும் மாறவில்லை. “உங்கட கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கு அண்ணை, இதை ஆர் வாசிக்கிறது?” என்பான். “நீ சுடுறத விட நேராதான்டா இருக்கு,” என்பேன். சனிக்கிழமையானால் தேக்கா சந்தையில் இரண்டு பேரும் தேநீர் குடிப்போம். அவன் காத்தோங்கிலிருந்து வருவான், நான் ஈசூனிலிருந்து வருவேன். எட்டு வருடம் ஒரு சனிக்கிழமைகூடத் தப்பியதில்லை.

அந்த நாள் உன் பாலிடெக்னிக் பட்டமளிப்பு நாள். மாலை நான்கு மணிக்கு. நம் குடும்பத்தில் அங்கி போட்ட முதல் ஆள் நீ. காலையிலேயே நல்ல சட்டையை இஸ்திரி போட்டு லாக்கரில் தொங்கவிட்டிருந்தேன். பத்துக் குண்டு செட்டில் அருள் சுட்டான், நான் எழுதினேன். ஆறு வரைக்கும் “தள்ளு”, “தள்ளு” என்றே சொன்னான். ஏழாவதில், “ரெண்டா வருது அண்ணை,” என்றான். எழுதினேன். எட்டாவதில், “இடப்பக்கம் இழுக்குது,” என்றான். அதையும் எழுதினேன். எழுதிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தேன். நிறுத்தினால் ஆறுவதற்கு நாற்பது நிமிடம், கழற்றிப் பார்க்க இன்னும் பத்து, பிறகு துவாஸிலிருந்து டாக்சி. இன்ஜினியர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றான். சின்ன வயசு, நல்ல பையன்தான், தமிழ் தெரியாது. மைக்கில், “அங்கிள், ரீடிங் ஓகே. வாட் ஹி சே?” என்று கேட்டான். எனக்கு மட்டும்தான் இரண்டு பக்கமும் புரியும். நான், “நத்திங் லா, ஓகே,” என்றேன். அருள் திரும்பி என்னைப் பார்த்தான். “அண்ணை?” என்றான். ஒரே ஒரு சொல். “ரெண்டு தானே பாக்கி, முடிச்சிரு,” என்றேன். நோட்டில் “தொடர்” என்று என் கையால் எழுதினேன். அவன் என்னை நம்பி ஒன்பதாவதைச் சுட்டான்.

சைலன்சரின் முன்பாதி கிழிந்து பறந்து, குண்டு தாங்கும் மண்மேட்டில் குத்தி நின்றது. துப்பாக்கி மேலே எகிறி முறுக்கிக்கொண்டு பின்னால் வந்தது. குறிபார்க்கும் ஸ்கோப்பின் விளிம்பு அவனுடைய வலப்புருவ எலும்பை உடைத்து உள்ளே போனது. அவன் கத்தவில்லை. கையால் பொத்திக்கொண்டு, “சொன்னனான் தானே,” என்று மட்டும் சொன்னான். ஆம்புலன்ஸ் வந்தது. இன்ஜினியர் அதில் ஏறினான். நான் ஏறவில்லை. சட்டையை மாற்றிக்கொண்டு டாக்சி பிடித்தேன். நான்கு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது உன் அம்மாவுக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தேன். நம் கூடத்துச் சுவரில் மாட்டியிருக்கிற படம் அன்று எடுத்ததுதான். நீ அங்கியோடு நடுவில் நிற்கிறாய். நான் சிரிக்கிறேன். நல்ல படம் என்று வருகிறவர்கள் எல்லாரும் சொல்வார்கள்.

விசாரணையில் அருள் உண்மையைச் சொன்னான். உதை மாறியதை இரண்டு முறை சொன்னேன் என்றான். அருள் தமிழில் ஏதோ சொன்னதாகவும் நான் ஓகே என்றதாகவும் இன்ஜினியரும் சொன்னான். என்னைக் கேட்டார்கள், அருள் என்ன சொன்னார் என்று. “வழக்கமா சொல்றது தான்,” என்றேன். நோட்டு எங்கே என்றார்கள். அந்த செட் எழுதவில்லை என்றேன். அருள் எனக்கு எதிரில் ஒரு கண்ணில் கட்டோடு உட்கார்ந்திருந்தான். மற்ற கண்ணால் என்னைப் பார்த்தான். அவன் என்னைக் காட்டிக் கொடுத்துச் சத்தம் போட்டிருக்கலாம். போடவில்லை. மூன்றாம் நாள் அந்தத் தாள் பலகையில் ஏறியது. கம்பெனியை நான் இன்னும் விடமாட்டேன். கிழிந்த சைலன்சரை அறுத்து உள்ளே ஒரு தகட்டையாவது பார்த்தார்களா? பார்க்கவில்லை. பழைய இரும்போடு போட்டுவிட்டுத் தளர்ந்த பிடிப்பு என்று எழுதிவிட்டார்கள். அது அவர்கள் தப்பு, இன்றைக்கும் தப்பு. ஆனால் அந்தப் பேனாவுக்கு மை நான் ஊற்றினேன்.

அதற்குப் பிறகு நான் செய்ததுதான் இன்னும் அசிங்கம். அருளுக்காக வாதாடுகிறவன் ஆனேன். தரம் கெட்ட பற்றவைப்பு என்று கம்பெனிக்கு நான்கு கடிதம் எழுதினேன். நான்குக்கும் ஒரே பதில், உதை மாறியதற்குப் பதிவு எதுவும் இல்லை என்று. பதிவு என் தகரப் பெட்டியில் இருந்தது. மேலாளரோடு சண்டை போட்டேன். பதவி உயர்வு வரவில்லை, நியாயம் பேசியதால் பழிவாங்குகிறார்கள் என்று வீட்டில் தினமும் சொன்னேன். கடைசியில் வேலையை விட்டேன். நீயும் அம்மாவும் என்னை நியாயத்துக்காக வேலையை இழந்தவன் என்று நம்பினீர்கள். அருள் ஏன் வீட்டுக்கு வருவதில்லை என்று அம்மா கேட்டபோது, “அவனுக்குத் தலைக்கனம், அவனுக்காக இவ்வளவு பண்ணியும் திரும்பிப் பாக்கல,” என்றேன். அம்மா பதினோரு வருடமாக அவனைத் திட்டினாள். தேக்காவுக்குச் சனிக்கிழமை போவதை விட்டேன். காய்கறி வேண்டுமானால் செவ்வாய்க்கிழமை போவேன்.

ஒன்று நினைவிருக்கிறதா? பட்டமளிப்புக்குப் பிறகு நீ கட்டாய இராணுவச் சேவைக்குப் போனாய். முதன்முதலாகத் துப்பாக்கி சுட்ட வாரம் வீட்டுக்குப் போன் செய்தாய். “அப்பா, நீங்க சொன்ன அளவுக்கு ஒண்ணுமே இல்ல பா, சும்மா தள்ளுது!” என்று சிரித்தாய். நான் உடனே, “தள்ளுதா, குத்துதா? எல்லாக் குண்டும் ஒரே மாதிரி வந்துச்சா? மாறுச்சுன்னா உடனே நிறுத்திச் சொல்லணும், யாரு என்ன சொன்னாலும் சரி,” என்று சத்தம் போட்டேன். நீ பயந்துபோய், “ஓகே பா, ஓகே,” என்றாய். அப்பாவுக்குப் பாசம் அதிகம் என்று அம்மா நினைத்தாள். உனக்குச் சொன்னதை அருளுக்குச் செய்யாதவன் நான்.

ஷெல்டர் தரையில் இதையெல்லாம் கேட்டு முடித்துவிட்டு நீ நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டாய். “அப்பா, பிளாக்ல இருக்கிற ஒரு ஆன்ட்டி ‘லிஃப்ட் லைட்டா குலுங்குச்சு’ன்னு சொன்னாலே நான் லிஃப்ட நிறுத்திடுவேன். மீட்டர் அப்புறம்தான். இத யாரு எனக்குச் சொல்லிக் குடுத்தது? நீங்கதான்,” என்றாய். அழுதேன் என்று நினைக்கிறேன். அப்போது தலைகுனிந்து, “உன் பட்டமளிப்புக்கு வரணும்னு தான் தம்பி…” என்று ஆரம்பித்தேன். நீ என்னை முடிக்கவிடவில்லை. “அத மட்டும் சொல்லாதீங்க. என் தலையில போடாதீங்க பா. லேட்டா வந்திருந்தா நான் வெளிய நின்னு உங்களோட இன்னொரு படம் எடுத்திருப்பேன், அவ்ளோதான்.” என்னை யாரும் அப்படி நிறுத்தியதில்லை. கோபம் வந்தது, உண்மையைச் சொல்கிறேன். இரண்டு நாள் உன்னோடு சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் புரிந்தது. பதினோரு வருடமாக நான் அந்தக் காரணத்தைக் கட்டிக்கொண்டுதான் தூங்கியிருக்கிறேன். அவசரம் என்னுடையது. வார்த்தை என்னுடையது. உன் பட்டத்துக்கு இதில் பங்கில்லை. இதை நீ என் கையிலிருந்து பிடுங்கியதற்கு இரண்டாவது நன்றி.

மூன்றாவது நன்றி, அம்மாவிடம் நீயே சொல்லிவிடாமல் எனக்கு விட்டதற்கு. அவள் இடியாப்பம் பிழிந்துகொண்டிருந்தாள். கேட்டு முடித்ததும் கை நின்றது. “அந்த மனுஷன நான் எவ்ளோ பேசியிருக்கேன். என்னையும் பேச வச்சிட்டீங்களே,” என்றாள். பிறகு மிச்ச மாவையும் பிழிந்தாள். எனக்கும் தட்டில் வைத்தாள், ஆனால் எதிரில் உட்காரவில்லை. மறுநாள் காலையில், “எப்பப் போறீங்க?” என்று கேட்டாள். எங்கே என்று நான் கேட்கவில்லை.

கல்யாணப் பத்திரிகைகளில் முதல் பத்திரிகை அருளுக்கு என்று நீ சொல்லிவிட்டாய். அதற்கும் ஒரு நிபந்தனை வைத்தாய்: “நோட்ட முதல்ல குடுங்க. பத்திரிகை அப்புறம். நோட்டு இல்லாம பத்திரிகை போச்சுன்னா அது லஞ்சம் பா.” போன ஞாயிற்றுக்கிழமை அம்மா பஃபலோ ரோட்டில் வெற்றிலையும் மல்லிகையும் வாங்கி வந்தாள். நாம் மூன்று பேரும் காத்தோங்குக்குப் போனோம். அருள் செண்பக விநாயகரைக் கும்பிட்டுவிட்டு அப்போதுதான் வீட்டுக்கு வந்திருந்தான். நெற்றியில் திருநீறு. தலை முழுக்க நரைத்திருந்தது. கதவைத் திறந்து இடக்கண்ணால் என்னைப் பார்க்கத் தலையைத் திருப்பினான். “வாங்கோ அண்ணை,” என்றான், போன சனிக்கிழமைதான் பார்த்ததுபோல.

நான் நின்றுகொண்டே நோட்டை நீட்டினேன். உட்கார்ந்து பேசக்கூடிய விஷயம் இல்லை. அவன் ஜன்னல் பக்கம் போய், முகத்துக்கு மிக அருகில் பிடித்து, விரலால் வரியைத் தேடினான். “ஏழு. ரெண்டா வருது. எட்டு. இடப்பக்கம் இழுக்குது.” வாய்விட்டுப் படித்தான். பிறகு, “தொடர்,” என்று படித்தான். அந்தச் சொல்லின் மேல் விரலை வைத்து அழுத்தினான். “கோழி கிளறின மாதிரித்தான் இருக்கு. எண்டாலும் ஒழுங்கா எழுதியிருக்கிறியள்,” என்றான். “அருள், நான் பொய் சொன்னேன்,” என்றேன். “ஓம், தெரியும். நான் எதிரில தானே இருந்தனான்,” என்றான். “ஏன் யார்கிட்டயும் சொல்லல?” என்று கேட்டது நீ. அவன் உன்னைப் பார்த்துத்தான் பதில் சொன்னான். “ஆர் நம்புவினம் தம்பி? சுட்டவன் நான், எழுதினவர் அவர். பிறகு கொஞ்ச நாள் போனா, என்ர தோளே எனக்குப் பொய் சொன்னதோ எண்டு வந்துட்டுது. அதுதான் கஷ்டம். கண்ணைவிட அதுதான்.”

தம்பி, இந்த வாக்கியத்தை நான் சாகும்வரை மறக்கப்போவதில்லை. பார்வையை எடுத்தது உதை. தன் உடம்பு சொன்னதைத் தானே நம்ப முடியாமல் அவனைப் பதினோரு வருடம் வைத்திருந்தது நான்.

நோட்டை அவனிடம் வைத்துக்கொள்ளச் சொன்னேன். “எனக்கு ஏன்? எனக்குத்தான் என்ன சொன்னனான் எண்டு தெரியுமே. பொய் எழுதினவைக்குக் குடுங்கோ,” என்று திருப்பிக் கொடுத்தான். அம்மா பத்திரிகைத் தட்டை நீட்டினாள். “அண்ணே, நான் உங்கள நிறைய பேசிட்டேன்,” என்றாள். “என்னையோ? எனக்குக் கேக்கேல்லையே அக்கா, காத்தோங் வரைக்கும் வரேல்ல,” என்று சிரித்தான். பத்திரிகையை எடுத்துக்கொண்டான். தேநீர் போட்டுக் கொடுத்தான். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கிளம்பும்போது, “வருவனோ எண்டு இப்ப சொல்லமாட்டன் அண்ணை. முதல்ல அந்தத் தாள் மாறட்டும்,” என்றான். சரியாகச் சொன்னான். அவன் சொல்லுவது எப்போதும் சரியாகத்தான் இருந்தது.

எனக்குக் கிடைத்தவற்றை எண்ணிப் பார்க்கிறேன். பொய் சொன்னவனுக்குத் தேநீர் கொடுத்த ஒரு நண்பன். எதிரில் உட்கார மறுத்தாலும் பிறகு கூடவே கிளம்பிய மனைவி. தரையில் பக்கத்தில் இடம் விட்ட மகன். இவ்வளவுக்கு நான் என்ன செய்தேன் என்று தெரியவில்லை. நான் வளைந்து கொடுக்காதவன் என்று ஊர் சொல்லும், நானும் அதைப் பெருமையாகவே வைத்திருந்தேன். அருளிடம் தப்பை ஒத்துக்கொண்டு வளைய வேண்டிய ஒரே இடத்தில் வளையாமல், செட்டை நிறுத்திவிட்டு உறுதியாக நிற்க வேண்டிய ஒரே இடத்தில் வளைந்துவிட்டேன். உனக்கு அறிவுரை என்று ஒன்று சொல்ல வேண்டுமானால் இதுதான். உன்னோடு வாழப்போகிற பெண் ஒருநாள், “ஏதோ மாறியிருக்கு,” என்று சொல்வாள். மீட்டர் சரியாகத்தான் இருக்கும். உனக்கு அவசரமாகவும் இருக்கும். அப்போது “ஒண்ணுமில்ல, ஓகே” என்று சொல்லாதே. நிறுத்து. நாற்பது நிமிடம் காத்திரு. கழற்றிப் பார்.

இனிச் செய்ய வேண்டியது. நான் வரும் திங்கட்கிழமை வக்கீல் முன்னால் சத்தியம் செய்து, அருள் சொன்ன இரண்டு வார்த்தைகளையும், நான் இன்ஜினியரிடம் சொன்ன பொய்யையும், விசாரணையில் சொன்ன பொய்களையும் எழுதிக் கையெழுத்துப் போடுவேன். அதற்கு என்ன தண்டனை வந்தாலும் என் தலையில்தான். நீ நோட்டின் அந்தப் பக்கத்தை ஒழுங்கான ஆங்கிலத்தில் எழுதித் தர வேண்டும். உதை இரண்டாக வருவதற்கும் இழுப்பதற்கும் உள்ளே என்ன ஆகியிருக்கும் என்று ஒரு இன்ஜினியராக விளக்க வேண்டும். ஒரு வரியிலும் எனக்குச் சலுகை வேண்டாம். அன்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றவன் இன்று அங்கே மேலாளர். அவன் தன் கேள்விக்கு என்ன பதில் வந்தது என்று எழுதித் தர வேண்டும். அவன் கேட்டதில் தப்பில்லை, அதையும் நான் எழுதித் தருவேன். கம்பெனி அந்த அறிக்கையைத் திருத்தி, அதே பலகையில், அதே இடத்தில், அருளின் முழுப் பெயரோடு குத்த வேண்டும். மின்னஞ்சலில் மன்னிப்பு அனுப்பினால் நான் ஏற்கமாட்டேன். குத்தும்வரை வாசலில் நிற்பேன், எனக்கு வேறு வேலை இல்லை. சோதனை செய்கிற இடங்களில் சுடுகிறவர் எந்தப் பாஷையில் சொன்னாலும் அவர் வார்த்தை எழுதப்பட வேண்டும், அது மாறினால் நிறுத்த வேண்டும், நிறுத்துகிற அதிகாரம் கடிகாரம் பார்க்கிறவனிடம் இருக்கக்கூடாது. அதை அவர்கள் விதியாக எழுத வேண்டும். அம்மா அருளை எங்கெல்லாம் திட்டினாளோ அங்கெல்லாம் போய், திட்ட வைத்தது நான் என்று சொல்லப்போகிறாளாம். சொல்லட்டும், நான் தடுக்கமாட்டேன். சுவரில் இருக்கும் படத்தை நீ கழற்ற வேண்டாம். அது உன் பட்டமளிப்பு.

அருள் செய்ய வேண்டியது எதுவும் இல்லை. அவன் சொல்ல வேண்டியதை அன்றே இரண்டு முறை சொல்லிவிட்டான். கல்யாண மண்டபத்தில் மட்டும் ஒரு காரியம் செய். மேடையைப் பார்த்து உட்கார்ந்தால் முதல் வரிசையில் வலக்கோடியில் வருகிற நாற்காலி. அங்கிருந்து மேடை முழுக்க அவனுடைய இடக்கண்ணுக்கு விழும். நானே ஈசூனில் ஒரு நாற்காலி போட்டு, வலக்கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்து பார்த்துவிட்டேன். தாலி கட்டி முடியும்வரை அதில் யாரையும் உட்கார வைக்காதே.

அப்பா